காது போதும்

ஜனவரி 2, வியாழன்

கம்பெனி புது வருடத்துக்கு டைரி கொடுத்திருக்கிறது. அட்டையில் ராக்கெட் படம், கீழே 'விண்கொடி' என்று கம்பெனி பெயர் தங்க எழுத்தில். படம் வரைந்தவன் வால் சிறகுகளை இவ்வளவு சின்னதாக வைத்திருக்கிறான். இது மேலே போகாது, பனைமரத்தைச் சுற்றி வரும். சொன்னேன். "எல்லாத்துலயும் ஒரு குத்தம் கண்டுபிடிச்சாத்தான் அத்தானுக்குச் சோறு இறங்கும்" என்றான் ஆசீர். என் மனைவி எஸ்தரின் தம்பி. எங்களோடுதான் இருக்கிறான், என்னோடுதான் வேலை செய்கிறான்.

முதல் பக்கத்தில் பெயரும் பதவியும் எழுத இடம் விட்டிருந்தார்கள். வேதமாணிக்கம், தலைமைப் பொறியாளர், திட எரிபொருள் பிரிவு என்று எழுதினேன். படிப்பு என்று ஒரு கோடு இல்லை. இருந்திருந்தால் பத்தாம் வகுப்பு என்று எழுதியிருப்பேன், எனக்கென்ன வெட்கம்.

உடன்குடி பஜாரில் மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தவன் நான். நூலகத்தில் கிடைத்த ஒரு கிழிந்த புத்தகத்தைப் பார்த்து, சர்க்கரையும் வெடியுப்பும் காய்ச்சி, பிளாஸ்டிக் குழாயில் அடைத்து விட்ட முதல் ராக்கெட் ஒரு வாழைத்தோட்டத்தில் விழுந்தது. இரண்டாவதற்குப் போலீஸ் வந்தது. எந்த இயக்கம் என்று கேட்டு ஒரு பகல் முழுக்க உட்கார வைத்தார்கள். ஏழாவதோ எட்டாவதோ தேரிக்காட்டின் செம்மணலுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் போனது. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் சென்னையிலிருந்து ஸ்ரீவத்சன் காரில் வந்து இறங்கினார். என்னைவிட வயதில் சின்னவர், பெரிய படிப்பு. அதே தேரிக்காட்டில் சோதனைக்கூடம் போட்டு, அதற்குள் எனக்கு ஒரு அறையும், கதவில் பெயர்ப்பலகையும் வைத்தார். பலகையை எஸ்தர் தொட்டுப் பார்த்து அழுதாள்.

ஜனவரி 11, சனி

சின்ன ராக்கெட் மோட்டார் ஒன்று சோதனை ஸ்டாண்டில் வெடித்தது. தழல் வெளியேறும் வாயான நாசில் பிய்த்துக்கொண்டு போய் வேலிக்கு அப்பால் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. மற்றவர்கள் எல்லாரும் பதுங்கறைக்குள் காதுக்கு மஃப் மாட்டிக்கொண்டு இருந்தார்கள். நான் எப்போதும்போல் வாசலில் வெறும் காதோடு நின்றேன். எரியும்போது மோட்டார் என்ன சொல்கிறது என்று கேட்காமல் நான் எப்படிப் பொறியாளர்?

காதுக்குள் ஒரு சில்வண்டு உட்கார்ந்துகொண்டு கத்துகிறது. தூங்கினால் போய்விடும்.

ஜனவரி 13, திங்கள்

வண்டு போகவில்லை. பொங்கலுக்கு வெல்லமும் கரும்பும் வாங்கினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வேதக்கோயிலில் பாதிரியார் ஐயர் பிரசங்கம் சுத்தமாக விளங்கவில்லை. மைக் செட் போய்விட்டது என்று ஆராதனை முடிந்ததும் நானே ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிப் பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் ஒரு கெப்பாசிட்டரை மாற்றிவைத்தேன். எல்லாரும் "ரொம்ப நன்றி" என்றார்கள். ஏன் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் என்று தெரியவில்லை.

போன மாதம் நான் பிரித்துத் துடைத்த மிக்சி இப்போது சத்தமே இல்லாமல் ஓடுகிறது. எஸ்தரிடம் சொன்னேன். அவள் மிக்சியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

மார்ச் 5, புதன்

போனை அதிர்வில் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். கண்ட இடத்தில் மணி அடித்து அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுப்பது நாகரிகம் இல்லை.

இப்போதெல்லாம் எஸ்தர் பேசுவதற்கு முன் என் தோளைத் தொடுகிறாள். பிறகு முன்னால் வந்து நின்று பேசுகிறாள். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு மரியாதை கிடையாது.

மார்ச் 22, சனி

எஸ்தர் பிடிவாதமாகத் தூத்துக்குடிக்கு இழுத்துக்கொண்டு போனாள், காது டாக்டரிடம். பையனுக்கு மீசையே இப்போதுதான் முளைத்திருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கு என்றார். ஏதாவது வந்தால்தானே அமுக்குவதற்கு. அவர் மிஷின் பழசு. பிறகு ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு இடதுபக்கம் கொஞ்சம் மேலே நின்று, வலதுபக்கம் கிணற்றில் விழுந்தது. தடித்த கீழ்ச்சத்தம் கொஞ்சம் கேட்கும், கீச்சென்ற மேல்சத்தம் போய்விட்டது, திரும்பி வராது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். காதில் மாட்டும் மிஷின் ஒன்றையும் கொடுத்தார். மாட்டினால் எல்லாச் சத்தமும் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உலுக்குவதுபோல் வருகிறது. கழற்றி பீரோ மேல் வைத்துவிட்டேன்.

பஸ்ஸில் எஸ்தர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்: "கம்பெனில சொல்லிருவமா?"

எனக்குக் கோபம் வந்தது. ஏன் வந்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். மோட்டார் குழாய்க்குள் எரிபொருள் கலவையைக் களி போல ஊற்றி இறுக விடுகிறோம். உள்ளே காற்று மாட்டிக்கொண்டு ஒரு வெற்றிடம் இருந்துவிட்டால், நெருப்பு அங்கே போய்ச் சேரும்போது அழுத்தம் தாறுமாறாக ஏறி மோட்டார் வெடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மற்றவர்கள் அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். நான் புதுப் பானை வாங்குகிறவர்களைப் போல, பித்தளைச் சுத்தியால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன். நல்ல இடம் 'ணங்' என்று இறுக்கமாகச் சொல்லும், வெற்றிடம் 'டொப்' என்று சொல்லும். மூன்று வருடமாக ஒருமுறையும் தப்பியதில்லை. ஜனவரியில் வெடித்தது நாசில் ஒட்டின கோளாறு, என் பிரிவு இல்லை. படிப்பு இல்லாதவனைத் தலைமைப் பொறியாளர் என்று உட்காரவைத்திருப்பது இந்தக் காதுக்காகத்தான். காதில் மிஷின் மாட்டிக்கொண்டு தட்டிப் பார்க்கிறவனை யார் வைத்துக்கொள்வார்கள்? மறுபடி காயில் கட்டத்தான் போக வேண்டும்.

யாரிடமும் சொல்லாதே என்றேன். "ஆசீர்ட்டயுமா?" என்றாள். அவனிடம் முக்கியமாகச் சொல்லாதே என்று பைபிள் மேல் கை வைக்கச் சொன்னேன். பஸ்ஸில் பைபிள் இல்லை. என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

ஏப்ரல் 3, வியாழன்

எங்கள் தரப்பரிசோதகர் தாமரைச்செல்வி நாமக்கல்காரி, படித்த பெண், நல்ல பெண். ஆனால் சந்தேகம் அவள் கூடப் பிறந்தது. இன்று காலை ஆறு துண்டுக் குழாய்களை மேசைமேல் வரிசையாக வைத்திருந்தாள். சிலவற்றில் வேண்டுமென்றே வெற்றிடம் வைத்து ஊற்றியிருக்கிறாளாம்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். உங்க முறையைக் கோப்புல பதிவு பண்ணணும். அதுக்குத்தான்."

தப்பாகத்தான் நினைத்தேன். ஆனால் சிரித்தேன். குழாய்களைப் பிடித்துக்கொள்ள ஆசீரை எதிரில் நிற்கச் சொன்னேன்.

ஆசீருக்குப் பொய் சொல்லத் தெரியாது, முகம் அப்படி. இரண்டாவதைத் தட்டினேன், அவன் இடது புருவம் லேசாக ஏறியது. "வெற்றிடம்" என்றேன். ஐந்தாவதிலும் அப்படியே. மற்றவற்றில் அவன் முகம் தெளிந்த தண்ணீராக இருந்தது. ஆறாவதிலும் அப்படித்தான், ஆனால் அதை அவனிடம் எடுத்துக் கொடுத்தபோதே கனம் ஒரு பொட்டுக் குறைவாக இருந்தது. துணிந்து "இதுவும் வெற்றிடம்" என்றேன்.

தாமரைச்செல்வி தன் குறிப்பைப் பார்த்தாள். ஆறும் சரி.

காதாலும் கேட்பேன், கண்ணாலும் கேட்பேன், கையாலும் கேட்பேன். பொறியாளர் என்றால் எல்லாவற்றையும்தான் பயன்படுத்த வேண்டும். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு

எஸ்தர் ஆட்டுக்கறி வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்து ஆசீர் என் எதிரே உட்கார்ந்து பல் குத்திக்கொண்டே சொன்னான்:

"அத்தான், அன்னைக்கு அந்த ஆறாவது துண்டு இருக்குல்லா, எனக்கு அது நல்லதாத்தான் கேட்டுச்சு. நீங்க புடிச்சிட்டிய. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். என் காதெல்லாம் ஒரு காதா? இனிமே உங்க மூஞ்சியப் பாத்தாப் போதும் எனக்கு."

நான் சிரித்தேன். எஸ்தர் தட்டை எடுக்க வந்தவள் எடுக்காமலே உள்ளே போய்விட்டாள். நல்ல நாளும் அதுவுமாக அவளுக்கு என்ன வந்தது?

மே 6, செவ்வாய்

பெரிய மோட்டாருக்கு இன்று கலவை ஊற்றினோம். கொடி-3. என் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு, கட்டிப்பிடித்தால் இரண்டு கையும் சேராது. இது சோதனையில் ஒழுங்காக எரிந்துவிட்டால் அடுத்த வருடம் நிஜ ராக்கெட். தேரிக்காட்டிலிருந்து ஆகாயத்துக்கு.

ஊற்றும் வேலை முழுவதும் ஆசீர் பார்த்தான். காலையில் ஆரம்பித்தவன் சாயந்திரம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. குழாய்க்குப் பக்கத்தில் யாராவது சத்தமாக நடந்தால்கூட முறைத்தான். இடையில் காற்றுறிஞ்சும் பம்ப் கொஞ்ச நேரம் நின்று மறுபடி ஓடியது. உடனே பதிவேட்டில் எழுதிவிட்டு வந்து என்னிடமும் சொன்னான். நான் ஒன்றும் ஆகாது, ஊற்று என்றேன். அவன் எழுதினது சரி.

மே 24, சனி

கூட்டம். தாமரைச்செல்வி எழுந்து, கொடி-3ஐத் திருச்சிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும், பம்ப் நின்றது பதிவேட்டில் இருக்கிறது என்றாள். போய் வர நாள் ஆகும். முதலீட்டாளர்கள் பார்க்க வரும் தேதி மாறும். ஸ்ரீவத்சன் நெற்றியைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மாணிக்கம் சார், நீங்க சொல்லுங்க. உங்க காதா, எக்ஸ்ரேயா?"

அறையில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த நேரத்தில் எனக்கு ஒரு பெருமை வந்தது, அதை மறைக்க மாட்டேன். இத்தனை படித்தவர்கள் உட்கார்ந்திருக்கிற அறையில் என் ஒரு சொல்லுக்குக் காத்திருக்கிறார்கள்.

"காது போதும்" என்றேன்.

தாமரைச்செல்வி ஏதோ சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னதால் என்னவென்று தெரியவில்லை. ஸ்ரீவத்சன் சிரித்தார், அதனால் நானும் சிரித்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

கொடி-3ஐத் தட்டினேன்.

விளம்பரத்துக்காக வீடியோ எடுக்க ஒரு பையனைச் சென்னையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொள்ளச் சொன்னான், போட்டுக்கொண்டேன். மோட்டாரைத் தொட்டிலில் படுக்கவைத்து, ஆசீர் மறுபக்கம் நின்று மெதுவாக உருட்ட, நான் முன்னாலிருந்து பின்னால் வரை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனேன். தட்டும்போதெல்லாம் ஆசீர் முகத்தைப் பார்த்தேன். ஒரு சுருக்கம் இல்லை. அவனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி வரிசையின்போது தொட்டில் சக்கரத்தைச் சரிசெய்ய அவன் குனிந்துவிட்டான். எழுந்ததும் பார்த்தேன், முகம் அமைதியாகத்தான் இருந்தது.

'வெற்றிடம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீடியோ பையன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் எஸ்தர் கேட்டாள், "நெசமா கேட்டுதா?"

கேட்டது என்றேன். இரண்டு வாய் சோறு சாப்பிட்டு எழுந்துவிட்டேன். வெயில்.

ஜூன் 12, வியாழன்

நாளை சோதனை. காற்று பலமாக இருக்கிறது, செம்மண் கண்ணில் அடிக்கிறது. ஸ்டாண்டைக் குளிரவைக்கும் தண்ணீர் வால்வைத் திறக்க ஓர் ஆள் மணல்மூட்டைச் சுவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். அது எப்போதும் ஆசீர்தான். தாமரைச்செல்வி இன்று மணல்மூட்டைகளைக் காலால் அளந்துவிட்டு வந்து நேராக என் முன்னால் நின்றாள்.

"சார், இந்தச் சுவர் சின்ன மோட்டாருக்குக் கட்டினது. குழாயை நீட்டி வால்வைப் பதுங்கறைக்குக் கொண்டுவந்துடலாம். அடுத்த வாரம் குழாய் வந்துரும். ஒரு வாரம்தான் சார்."

ஸ்ரீவத்சன் மறுபடியும் என்னைப் பார்த்தார். வெடிக்காத மோட்டாருக்கு எத்தனை சுவர் வேண்டும் என்று கேட்டேன். நானே தட்டிப் பார்த்தது, என் மச்சினனைத்தானே நிறுத்துகிறேன், அடுத்தவன் பிள்ளையையா நிறுத்துகிறேன் என்றேன். ஆசீர் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "அக்கா, அத்தான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவளிடம் சொன்னான். அவள் அவனுக்கு இளையவள். இருந்தாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவான், படித்தவள் என்று.

ஜூன் 13, வெள்ளி

ஆசீர் போய்விட்டான்.

ஜூன் 17, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை அடக்கம் செய்தோம். பெட்டியைத் திறக்க விடவில்லை.

மோட்டார் எரிய ஆரம்பித்தது. வெள்ளைத் தழல் நேராக, அழகாக நின்றது. நான் வாசலில்தான் நின்றேன், மஃப் இல்லாமல். அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு ஸ்டாண்ட் இருந்த இடத்தில் புகைதான் இருந்தது. நெஞ்சில் யாரோ பலகையால் அடித்ததுபோல் ஓர் அடி. மணல்மூட்டைச் சுவர் பாதி இல்லை. ஓடினேன். தாமரைச்செல்வி என் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள், வாய் திறந்திருந்தது.

அவன் உயரமான ஆள். தூக்கியபோது அவ்வளவு கனம் இல்லை.

ஜூன் 18, புதன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. கிணற்று மோட்டார் ஓடவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். போய்ப் பார்த்துச் சரிசெய்து கொடுத்தேன்.

ஜூலை 2, புதன்

ஸ்ரீவத்சன் வீட்டுக்கு வந்தார். எஸ்தர் காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. அதைப் பார்த்தோ என்னவோ, இரண்டாம் தடவை நிறுத்திச் சொன்னார்.

விசாரணைக் குழு உட்காரப் போகிறது. தலைவர் வெளியாள், ஓய்வுபெற்ற விஞ்ஞானி. கலவை ஊற்றியபோது பம்ப் நின்றிருக்கிறது, ஊற்றியவர் வேலையை நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. இது ஒன்றுதான் பதிவேட்டில் இருக்கிறது.

"ஆசீர் மேல எனக்கு மரியாதை உண்டு சார். ஆனா அவருக்கு இனிமே ஒண்ணும் ஆகப்போறதில்ல. கம்பெனி நிக்கணும், நீங்க நிக்கணும். ஊத்தினதுல தப்புன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

யோசிக்கிறேன் என்றேன். யோசித்தேன். செத்தவனுக்கு எதுவும் வலிக்காது என்பது உண்மைதான். நான் கதவுப் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தால் அவன் திரும்பி வரமாட்டான் என்பதும் உண்மைதான். இப்படி உண்மைகளாகவே அடுக்கிக்கொண்டு போனேன். பம்ப் நின்றதை அவன் என்னிடம் வந்து சொன்னான், நான்தான் ஒன்றும் ஆகாது என்றேன். இந்த உண்மை மட்டும் அடுக்கில் நிற்க மாட்டேன் என்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

எஸ்தரிடம் சொல்லிவிட்டேன், கம்பெனி இப்படி நினைக்கிறது, ஆசீர் ஊற்றியதில் குறை என்று. கம்பெனி நினைக்கிறது என்றுதான் சொன்னேன்.

அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்துக்கு நேரே வந்தாள்.

"அவன் அப்படிப் பண்ணவே மாட்டான். நான் வளத்த புள்ள. எங்கம்மா சாவும்போது ரெண்டு வயசு அவனுக்கு, என் இடுப்புலதான் இருந்தான். எனக்குத் தெரியாதா?" இன்னும் ஓர் அடி கிட்டே வந்தாள். "நீங்க என்ன நெனைக்கிய?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்டதும் உப்பு வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பாக்கெட் உப்பு இருந்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

விசாரணை எங்கள் கூட்ட அறையிலேயே நடந்தது. நீள மேசை, நடுவில் தலைவர், வயதானவர், ஒல்லி. ஸ்ரீவத்சன், தாமரைச்செல்வி, இன்னும் இரண்டு பேர். நான் தலைவருக்கு நேர் எதிரே, வாய் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். அவர் நிதானமாகப் பேசுகிறவர், பிழைத்தேன்.

மோட்டாரில் வெற்றிடம் இருந்ததா இல்லையா, உங்கள் கருத்து என்ன என்றார். என் பிரிவில் தட்டிப் பார்த்தபோது இல்லை என்றேன். பிறகு எப்படி வெடித்தது என்றார். ஊற்றியதில் கோளாறு இருந்திருக்கலாம் என்றேன்.

சொல்லிவிட்டேன். அவன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் ஊற்றியது யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஸ்ரீவத்சன் குனிந்து எழுதிக்கொண்டார்.

ஊற்றியதில் கோளாறு என்றால் உங்கள் காதுக்குக் கேட்டிருக்குமே என்றார் தலைவர். சில சமயம் தப்பும் என்றேன். மூன்று வருடத்தில் நான் முதன்முதலாகச் சொன்ன வார்த்தை.

தலைவர் தாமரைச்செல்விக்குச் சைகை காட்டினார். அவள் கம்ப்யூட்டரைத் திருப்பி, சுவரில் இருந்த பெரிய திரையில் வீடியோவைப் போட்டாள். விளம்பரப் பையன் எடுத்தது. மொத்தத்தையும் வெட்டாமல் சென்னையிலிருந்து கேட்டு வாங்கியிருக்கிறாள்.

திரையில் வெள்ளைக் கோட்டு போட்ட நான். மறுபக்கம் ஆசீர், உயிரோடு, நீலச் சட்டையில். நான் தட்டுகிறேன், அவனைப் பார்க்கிறேன். அவன் என்னைப் பார்க்கிறான். தட்டுகிறேன், பார்க்கிறேன், பார்க்கிறான். தூரத்திலிருந்து பார்க்கும்போதுதான் தெரிகிறது. வேலை செய்கிற இரண்டு பேரில் ஒருவனாவது மோட்டாரைப் பார்த்திருக்க வேண்டாமா?

கடைசி வரிசை வந்தது. ஆசீர் சக்கரத்துக்குக் குனிகிறான், தொட்டிலுக்குப் பின்னால் மறைகிறான். நான் தட்டுகிறேன். அப்போது அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். தேநீர்த் தட்டோடு உள்ளே வந்த அம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஸ்ரீவத்சன் பேனாவை வைத்தார். திரையில் நான் அடுத்த இடத்தையும் தட்டிவிட்டு, சுத்தியைக் கீழே வைத்து, கையெழுத்துப் போடப் போகிறேன்.

தலைவர் மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் அதே இடத்தில் எல்லாருடைய முகமும் மாறியது. பிறகு ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள்.

நான் கேட்டேன்: "சத்தம் வச்சிருக்கீங்களா?"

ஸ்ரீவத்சன் கண்ணை மூடிக்கொண்டார். தாமரைச்செல்விதான் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, என் நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். கோபம் இல்லை அவளிடம். அவள் கண் கலங்கியிருந்தது.

"சத்தம் இருக்கு சார். டொப்புன்னு கேக்குது, எங்க எல்லாருக்கும் கேக்குது. அவருக்கும் கேட்டிருக்கு. கீழ குனிஞ்சிருந்தப்போ உங்ககிட்ட சொல்றார்."

என்ன சொல்கிறான் என்று கேட்டேன்.

அவள் அவனுடைய பேச்சிலேயே, ஒவ்வொரு சொல்லாக, உதட்டை அசைத்துச் சொன்னாள்.

"அத்தான், அந்த எடத்த இன்னொருக்கத் தட்டுங்க."

நான் பதில் சொல்லவில்லை. திரையில் இருந்த நானும் பதில் சொல்லவில்லை. பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டு, அத்தானுக்குத் தெரியாதா என்று அவன் எழுந்து நின்றிருக்கிறான், அமைதியான முகத்தோடு. அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.

எனக்குக் காது கேட்காது, ஜனவரியிலிருந்து, என்று தலைவரிடம் சொன்னேன். ஊற்றும்போது பம்ப் நின்றதை ஆசீர் உடனே வந்து சொன்னான், நான்தான் தொடரச் சொன்னேன், வால்வில் அவனை நிறுத்தியதும் நான்தான் என்றேன். என் குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்று எனக்குத் தெரியாது. தேநீர் கொண்டுவந்த அம்மாள் பின்வாங்கினாள், கத்தியிருப்பேன் போல. தலைவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். சாயந்திரம் என் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தேன். எஸ்தர் அடுப்பங்கரையில் நின்றாள். நின்றபடியே கேட்டாள், நான் நின்றபடியே சொன்னேன், ஒன்று விடாமல். அவன் கடைசியாக என்னிடம் கேட்டதையும் சொன்னேன். ஆசீர் ஊற்றியதில் குறை என்று அவன் செத்த பிறகு நான் சொன்னதையும் சொன்னேன். சத்தியம் வாங்கியது நான், காப்பாற்றியது நீ, உன்மேல் குற்றம் இல்லை என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு பேச ஆரம்பித்தாள். பேசுகிறாள் என்பது அவள் தோளைப் பார்த்தால் தெரிந்தது. கை இரண்டும் மேடையைப் பிடித்திருந்தன. ஒருமுறை தலை ஆடியது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீ அணைந்தது, அவள் கவனிக்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தாள். போய் கேஸை மூடினேன். அப்போதும் அவள் திரும்பவில்லை. இந்தப் பக்கம் திரும்பிச் சொல் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை பின்னால் நின்றேன்.